முடிவெடுக்கும் உரிமையையும் பகிர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலயங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கூட்டுறவுக் கழகங்களும் ஆண்டுப் பொதுக் கூட்டம் நடத்திப் புதிய செயலவையைத் தேர்ந்தெடுக்கும் பருவம் இது. தேர்வு பெறும் அத்தனை பேரில், தலைவரைக் கேட்காமல் ஒரு சிறு காரியத்தையேனும் முடிவு செய்யும் உரிமை எத்தனை பேருக்கு இருக்கிறது? எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நான் பார்த்த வரையில், பெரும்பாலான சங்கங்களில் ஒருவருக்கும் இல்லை.

அண்மையில் ஓர் ஆலயத்தில் அன்னதானச் சமையல் நடந்துகொண்டிருந்தபோது, எரிவாயுத் தோம்பு தீரப்போகிறது, இன்னொன்று வாங்கலாமா என்று பொறுப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். செயலவையினர் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. தலைவர் ஒரு சாவு வீட்டில் இருந்ததால் கைப்பேசியை அணைத்து வைத்திருந்தார். கடைசியில் சமையலுக்கு வந்திருந்த அம்மாக்கள் தங்களுக்குள் காசு திரட்டித் தோம்பு வாங்கினார்கள். சோற்றின் பதத்தையும் குழம்பின் உப்பையும் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள், அதில் எந்தத் தலைவரும் தலையிடுவதில்லை, சாப்பாடும் ஆண்டுதோறும் நன்றாகவே அமைகிறது. அந்த நம்பிக்கை தோம்பு வரைக்கும் நீளாதது ஏன் என்பதே என் கேள்வி.

இதற்கு வேர் மலேசிய ரப்பர்த் தோட்டங்களில் நாம் வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தோட்ட நிர்வாகியான துரை எழுத்தரான கிராணியிடம் சொல்வார், கிராணி மேற்பார்வையாளரான தண்டலிடம் சொல்வார், பெரட்டு எனப்படும் விடியற்காலை ஆள்கூட்டலில் தண்டல் ஆள் பிரித்து அனுப்புவார். எந்த மரத்தில் பட்டை தேறாது என்பது பால் வெட்டுகிறவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்றாலும் அவரை யாரும் கேட்டதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் போயின. பெரட்டு மட்டும் நம் கூட்ட அறைக்கு இடம் மாறிக்கொண்டது. ஆனால் அதே தோட்ட மக்கள்தான் 1960-இல், இந்த ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களுக்கே பங்குதாரர் ஆனார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தால் ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்று மூத்தவர்கள் சொல்வது வெறும் சாக்கு அன்று. ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் மனிதர்களைக் கயிறு இழுக்கச் செய்து அளந்து, அதன் முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் செலுத்திய பலம் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுக்கையில் காட்டிய பலத்தில் ஏறத்தாழப் பாதியே ஒருவருக்குத் தேறியது. இழுப்பு ஒரே நேரத்தில் ஒத்துச் சேராதது ஒரு காரணம். மற்றவர் இழுத்துக்கொள்வார் என்ற நினைப்பு இன்னொரு காரணம் என்று பிற்காலத்து ஆய்வுகள் பிரித்துக் காட்டின. ஊர் கூடித் தேர் இழுப்போம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். செயலவையில் ஆட்களைக் கூட்டுவதால் மட்டும் வேலை ஓடிவிடாது. இந்தப் பகுதி இன்னாருடையது, அதன் முடிவும் அவருடையது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிப் பகிர்ந்து நடத்த முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: நியூயார்க்கில் 1972-இல் தொடங்கப்பட்ட ஆர்ஃபியஸ் இசைக்குழு, முன்னே நின்று கையசைத்து வழிநடத்தும் நடத்துநர் இல்லாமலே வாசிக்கிறது. ஒவ்வொரு படைப்புக்கும் கலைஞர்கள் தமக்குள் சிலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை எப்படி வாசிப்பது என்று அந்தச் சிலர் முதலில் பேசி முடிவு செய்தபின் முழுக்குழுவும் கூடி ஒத்திகை பார்க்கிறது. அடுத்த படைப்புக்கு முன்னிற்பவர்கள் வேறு சிலராக இருப்பார்கள். தலைமை அங்கே இல்லாமல் போகவில்லை, கைமாறிக்கொண்டே இருக்கிறது.

நம் சங்கங்களில் தலைவரே இல்லாமல் முடியாது. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கங்களில், சங்கப் பதிவிலாகாவுக்குப் பதில் சொல்லப் பொறுப்பாளர்கள் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பதிலும் ஒரே ஆளிடம் முடங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் வட்டாரத்திலேயே சான்று உண்டு. பொதுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையை அனுப்ப வேண்டும் என்பது விதி. ஒரு சங்கத்தில் இணையப் பதிவுக்கான கடவுச்சொல்லைத் தெரிந்திருந்தவர் முன்னாள் செயலாளர் ஒருவரே. அவரோ ஜொகூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். கெடு கடந்த பிறகுதான் மற்றவர்களுக்கு விழிப்பு வந்தது.

எனவே இவ்வாண்டுக் கூட்டங்களில் உறுப்பினர்கள் சிலவற்றைத் தீர்மானமாகவே கொண்டு வரலாம். ஒவ்வொரு பொறுப்பாளரும் யாரையும் கேட்காமல் எத்தனை ரிங்கிட் வரை செலவு செய்யலாம் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதி வைக்கலாம். ரசீதைப் பொருளாளரிடம் ஒப்படைத்தால் போதும். சாவி, கோப்பு, கடவுச்சொல் எதுவாயினும் இருவரிடம் இருக்கட்டும். கணக்கு ஒத்துவரவில்லை என்று பொருளாளர் சொல்லும்போது அதைத் தலைவரின் மேல் சாட்டும் குற்றமாகக் கொள்ளாத பக்குவமும் வேண்டும், அது தீர்மானம் போட்டு வருவதில்லை என்றாலும்.

இளையோர் வருவதில்லை என்று எல்லாச் சங்கமும் குறைப்படுகிறது. ஓர் இளைஞரைத் துணைச் செயலாளர் ஆக்கி, ஆண்டு முழுவதும் நாற்காலி அடுக்கவும் பதாகை கட்டவும் மட்டுமே வைத்திருந்தால் அடுத்த ஆண்டு அவர் எப்படி வருவார்? ஒரு நிகழ்ச்சியை, அதன் செலவுத் தொகையோடும் முடிவுகளோடும், முழுவதுமாக அவர் கையில் கொடுத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கடைக் கணக்கர்,
சுங்கை சிப்புட், பேராக்