சர்ச் கச்சேரிக்கு மைக் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

டிசம்பர் பிறந்தால் தென் மும்பையின் பழைய சர்ச்சுகளில் பாட்டும் பேச்சும் களைகட்டிவிடுகின்றன. கரோல், ஆர்கன், குழுப்பாட்டு, நடுவே கட்டடத்தின் வரலாறு பற்றி யாராவது ஒரு மணி நேரம் பேசுவது. நல்ல விஷயம்தான், மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கத்து நம் ஆட்களும் இப்போதெல்லாம் வந்து உட்காருகிறார்கள். எனக்கு ஒரே ஒரு குறை. தயவுசெய்து அந்த ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கி வெளியே வையுங்கள்.

இதைச் சொல்கிற நான் சபா கச்சேரி, கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று மைக் செட் போட்டே பிழைத்தவன், ஆகவே தொழில் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் சமீபத்தில் ஒரு பழைய சர்ச்சில் (பெயர் வேண்டாம்) நல்ல குரல்வளம் உள்ள ஒரு பாடகர் குழுவுக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர் நிறுத்தி, மிக்சரில் போதாததற்கு எக்கோவும் சேர்த்து விட்டிருந்தார்கள். கல் கட்டடத்துக்கே எக்கோ இருக்கிறது ஐயா, அதற்கு மேல் மெஷின் எக்கோ எதற்கு? பல்லவி எது, அடுத்த அடி எது என்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கலந்துவிட்டது. பாவம், பாடியவர்கள் மேல் தப்பே இல்லை.

இதற்கான கணக்கை அமெரிக்காவில் வாலஸ் சபைன் என்பவர் 1890களிலேயே போட்டுவிட்டார். ஹார்வர்டில் ஒரு புது விரிவுரை அறையில் பேச்சு புரியவில்லை என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து போட்டுப் போட்டு, சத்தம் அடங்க எத்தனை நேரம் ஆகிறது என்று ராத்திரி ராத்திரியாக அளந்தார். கூடத்தின் கொள்ளளவு கூடக் கூட ஒலி நீடிக்கும், ஒலியை உறிஞ்சும் பொருள் கூடக் கூடச் சீக்கிரம் அடங்கும், அவ்வளவுதான் சங்கதி. பேச்சுக்கு ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் அடங்கினால் நல்லது. ஆர்கனுக்கும் குழுப்பாட்டுக்கும் இரண்டு விநாடிக்கு மேல் நீண்டால்தான் அழகு. பெரிய கல் சர்ச்சுகளில் அது மூன்று, நான்கு, ஐந்து என்று போகும். நாம் பேசும்போது விநாடிக்கு நாலைந்து அசை வருகிறது என்று வையுங்கள், முதல் அசை அடங்குவதற்குள் பின்னால் பத்துப் பன்னிரண்டு வந்து மேலே விழுந்தால் என்ன புரியும்? வால்யூமைக் கூட்டினால் அந்தக் குழப்பமும் சேர்ந்துதான் கூடும்.

மும்பையில் இந்த நிகழ்ச்சிகளுக்குக் குளிர்காலம்தான் சரி என்பதற்குக் காரணம் கிறிஸ்துமஸ் மட்டும் இல்லை, மின்விசிறி. ஏப்ரல், மே மாதத்தில் விசிறியை நிறுத்த முடியாது, ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைச் சத்தம். டிசம்பர், ஜனவரி சாயங்காலத்தில் மட்டும்தான் எல்லா விசிறியையும் அணைத்துவிட்டு நிம்மதியாக உட்காரலாம். அதிலும் தென் மும்பையின் கோட்டை (ஃபோர்ட்) பகுதியில் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்கள் கிடையாது, ஹாரன் சத்தமும் குறைவு. இத்தனை அமைதி கையில் கிடைத்த பிறகு அதில் மைக்கை வைத்துக் கெடுப்பானேன்?

எந்தப் பாட்டு என்பதும் முக்கியம். சர்ச்சில் பிறந்த சங்கீதம் சர்ச்சின் ஒலியை வைத்தே வளர்ந்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1723 முதல் 1750இல் சாகும் வரை வேலை பார்த்த லைப்சிக் நகரத்து ஆலயமும், நம் மும்பைக் கோட்டைப் பேராலயம் போலவே, புனித தோமா பெயரில் உள்ளதுதான். அங்கே மரத்தாலான மாடங்கள் ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சியதால்தான் அவருடைய வேகமான சங்கதிகள் எடுபட்டன என்று ஒலியியல்காரர்கள் சொல்வார்கள். நம் கர்நாடக சங்கீதத்தையும் சர்ச்சில் வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம், ஆனால் தனி ஆவர்த்தனம் வேண்டாம். மிருதங்கச் சொற்கள் அங்கே கரைந்தே போகும். தம்புராவோடு விளம்பமாக ஆலாபனை, அப்புறம் விருத்தம், போதும். நம் ஊர்க் கோயில் கல் மண்டபத்தில் ஓதுவார் மைக் இல்லாமல் தேவாரம் பாடுவதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும், அவர் நிறுத்தி நிறுத்தித்தான் பாடுவார், கல் திருப்பிச் சொல்லி முடிக்கட்டும் என்று. தஞ்சாவூர் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ராகம் போட்டு எழுதிய கீர்த்தனைகளைத் தாராவித் தமிழ்க் கிறிஸ்தவ சபைகளில் இன்றும் பாடுகிறார்கள், அவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டு ஒரு மாலை கொடுத்தால் என்ன?

பேச்சு விஷயம் வேறு. அதற்கு மைக் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பேச்சாளர் எல்லாருக்கும் கணீர் குரல் அமையாது. ஆனால் முன்னால் ரெண்டு பெரிய பெட்டி வைப்பதற்குப் பதில், பெஞ்சு வரிசைகளுக்குப் பக்கத்தில் தாழ்வாக, சின்னச் சின்னதாக வைத்து மெதுவாக ஓடவிடுங்கள். கேட்பவரின் காதுக்குப் பக்கத்தில் ஒலி இருந்தால் மேற்கூரை வரை போய்த் திரும்புவது குறையும். பேசுகிறவரும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். விஷயத்துக்கா பஞ்சம்? கோட்டையில் இருக்கும் புனித தோமா பேராலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1676இல் பம்பாய் கவர்னர் ஜெரால்ட் ஆங்கியர் கட்ட ஆரம்பித்து, அரைகுறைச் சுவரோடு நாற்பது வருஷம் போலக் கிடந்து, ரிச்சர்ட் காப் என்கிற பாதிரியார் வந்து காசு சேர்த்து முடித்து, 1718 கிறிஸ்துமஸ் அன்று திறந்தது. அந்த ஆலயத்துக்குப் போகும் கோட்டை வாசல்தான் சர்ச்கேட், கோட்டைச் சுவரை 1860களில் இடித்துவிட்டார்கள், பெயர் மட்டும் ஸ்டேஷனில் நிற்கிறது. தினம் "சர்ச்கேட் ஃபாஸ்ட்" ஏறுகிறவர்களுக்கு இதை யாராவது புரிகிற மாதிரி, முடிந்தால் ஒரு நாள் தமிழிலும், சொன்னால் கேட்க மாட்டார்களா?

டிக்கெட் விலை பற்றியும் ஒரு வார்த்தை. சர்ச்சில் ஒலியை உறிஞ்சும் பொருள்களில் ரொம்ப மலிவானது மனுஷன்தான். கூட்டம் நிறைந்தால் கட்டடம் தெளிவாகப் பேசும், காலியாகக் கிடந்தால் உளறும். விலையை ஏற்றிவிட்டுப் பாதி பெஞ்சு காலியாகக் கிடப்பதைவிட, பின்வரிசைகளை இலவசமாகத் திறந்துவிடுங்கள், பணம் கொடுத்து முன்னால் உட்கார்ந்தவருக்கும் அது லாபமே.

நேரம் ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடியட்டும், தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் எல்லாம் பெரும்பாலும் அதற்குள் தீர்ந்திருக்கும், டோம்பிவிலி, பன்வேல் போகிறவர்கள் வி.டி. (இப்போதைய சி.எஸ்.எம்.டி.) ஸ்டேஷனுக்கு நடந்துபோய் வண்டி பிடித்துவிடலாம். அமைப்பாளர்களில் தமிழ் படிப்பவர் யாராவது இருந்தால், ஒத்திகை அன்று என்னைக் கூப்பிடுங்கள். பெட்டி, வயர் ஒன்றும் கொண்டுவர மாட்டேன், நடுவில் நின்று ரெண்டு தடவை கைதட்டிப் பார்த்தாலே எந்த வரிசை வரை குரல் எட்டும் என்று சொல்லிவிடுவேன். கூலியும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மைக் செட்காரர்,
சயான், மும்பை