வேலை மாறும் முன் கணக்குப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் அதிகாலையிலேயே புறப்பட்டுத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிற்கு வேலைக்குச் செல்லும் நம் மாவட்ட இளைஞர்களில் சிலர் சம்பளம் சற்றுக் கூடுகிறது என்பதற்காகவே அடுத்தடுத்து நிறுவனம் மாறுவதையும், வேறு சிலர் வீட்டுக்கடன் தவணைக்கு அஞ்சி, கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமில்லாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடப்பதையும் காண வேதனையாக இருக்கிறது.

புதிய பொறுப்பும் பதவி உயர்வும் கிடைக்க வழியில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் வேறு வேலை தேடுவதே சரி. ஆனால், விலகும் தேதியை நிதானமாக முடிவு செய்ய வேண்டும். நிரந்தரப் பணியாளர் ஒருவர் தாமாக விலகும்போது, நிறுவனம் மொத்தமாகத் தரும் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) பெற 5 ஆண்டுத் தொடர்பணி தேவை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 26,000 ரூபாய் பெறுபவருக்கு, மாதத்தை 26 வேலைநாளாகக் கொண்டு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் 5 ஆண்டுக்கு 75,000 ரூபாய் வரும். நான்கரை ஆண்டில் அவசரப்பட்டு விலகுபவர் இதை இழக்கிறார். புதிய நிறுவனத்தின் ஊதிய உயர்வு அதை ஈடுகட்டுமா என்று பார்ப்பவர் குறைவு.

வருங்கால வைப்பு நிதியையும் ஒவ்வொரு முறையும் எடுத்துச் செலவழிக்காமல் புதிய கணக்கிற்கு மாற்றிக்கொள்வது நல்லது. ஏனெனில், அதனுடன் இணைந்த ஓய்வூதியத்திற்குத் தகுதி பெற மொத்தம் 10 ஆண்டுச் சேவை வேண்டும். பணி நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை, வாய்மொழி உறுதியை நம்பி ராஜினாமா கொடுக்கவே கூடாது.

மாவட்டத்திலுள்ள கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள் இவற்றை இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு வகுப்பிலேனும் விளக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
தக்கலை.