உஷா உதுப் ஆரம்பகாலப் பதிவுகள்: அனுப்பும் முன் பார்க்கவும்

அன்பு உறுப்பினர்களே, வணக்கம். மவுண்ட் ரோடு 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் சேலை கட்டிப் பாடத் தொடங்கி, கொல்கத்தா 'டிரிங்காஸ்' உணவகத்துக்குப் போன காலத்து அந்தக் கனத்த குரல்தான் நம் எல்லோருக்கும் உயிர். உங்கள் பழைய இசைத்தட்டு, கேசட்டிலிருந்து கணினியில் பதிந்து நீங்கள் அனுப்பும் பாட்டுகளில் அது கெடாமல் வந்து சேர வேண்டும்.

முக்கியமாக வேகம். நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய தட்டை 33-இல் ஓட்டினால் சுருதி சுமார் ஐந்து அரைச்சுரம் (கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய கட்டைக்கும், கறுப்பும் சேர்த்து, உள்ள இடைவெளி) இறங்கும். அது உடனே தெரிந்துவிடும். கேசட்தான் ஏமாற்றும். 6 சதவீதம் வேகம் கூடினாலே ஒரு அரைச்சுரம் ஏறி, அவர் குரலின் அடிக்கனம் போய், வேறு யாரோ பாடுவது போல ஆகிவிடும். கீபோர்டு வைத்துப் பாருங்கள்: பாட்டின் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவே நின்றால் வேகம் பிசகியிருக்கலாம்.

தட்டைக் காய்ச்சி வடித்த நீர் தொட்ட மெல்லிய துணியால், வரிப்பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடு லேபிள் நனையக் கூடாது. முழுக்கக் காய்ந்தபின் ஊசி வையுங்கள். ஈரத்தில் ஓட்டினால் அழுக்கு சேறாகிப் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும்.

பதிவு 24 பிட், வேவ் அல்லது ஃபிளாக் (ஒலித்தரம் குறையாத கோப்பு வகைகள்). இரைச்சல் நீக்கியைத் தொடவே வேண்டாம், மூச்சொலியையும் சேர்த்துத் தின்றுவிடும். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக மட்டும் அனுப்புங்கள்.

கூடவே லேபிளின் இரு பக்கப் படமும், தட்டு எண்ணும். ஆண்டு லேபிளில் இல்லையென்றால் ஊகித்து எழுதாதீர்கள்.