பயோட்டின் மாத்திரையும் தைராய்டு ரிப்போர்ட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

முடி உதிர்வு பற்றிய கட்டுரையில், பயோட்டின் தண்ணீரில் கரையும் வைட்டமின், மிச்சமானது சிறுநீரில் போய்விடும், அதனால் பயமில்லை என்று எழுதியிருந்தீர்கள். உடம்பைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய சரிதான். ஆனால் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற எனக்கு அந்த வரியோடு விட மனசு வரவில்லை.

ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் தைராய்டு ரிப்போர்ட்டே தப்பாக வரலாம். அதற்குக் காரணம் ஒரு மண் பாக்டீரியா. ஸ்ட்ரெப்டோமைசிஸ் அவிடினி என்று பெயர். அது சுரக்கிற ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் 1964-இல், புதிய ஆன்டிபயாட்டிக் தேடிக்கொண்டிருந்தவர்கள் கையில் சிக்கியது. சுற்றியிருக்கிற பயோட்டினையெல்லாம் பிடித்துவைத்து அக்கம்பக்கத்து பாக்டீரியாக்களைப் பட்டினி போடுவதுதான் அதன் வேலை. பிடி என்றால் சாதாரணப் பிடியில்லை. ஒரே மாதிரியான நான்கு துண்டுகள் சேர்ந்த புரதம் அது, ஒவ்வொரு துண்டும் எட்டு இழைகள் வளைந்து சுற்றிய ஒரு சின்னப் பீப்பாய், அதன் ஒரு முனையில் உள்ள குழிக்குள் பயோட்டின் இறங்கியதும் மேலே ஆடிக்கொண்டிருந்த வளையம் மூடிபோல் சாத்திக்கொள்கிறது, போதாதென்று பக்கத்துத் துண்டிலிருந்து டிரிப்டோஃபான் என்ற ஒரு அமினோ அமிலம் வேறு வந்து நெருக்குகிறது. சகப்பிணைப்பு (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து சேரும் பிணைப்பு) இல்லாமலே இவ்வளவு இறுக்கமாகச் சேரும் ஜோடிகள் இயற்கையில் மிகச் சில. (பச்சை முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடினும் வடிவத்தில் கிட்டத்தட்ட இதேதான்.)

இந்தப் பிடியைத்தான் பல பரிசோதனை இயந்திரங்கள் பயன்படுத்துகின்றன. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பார்க்கும்போது, அதைத் தேடிப் பிடிக்கிற புரதமான ஆன்டிபாடியில் பயோட்டினை ஒட்டி வைத்திருப்பார்கள். ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய நுண்மணிகள் அதை இழுத்துக்கொள்ளும், ஒட்டியது எவ்வளவோ அவ்வளவு டி.எஸ்.எச். என்று கணக்கு. நீங்கள் விழுங்கிய மாத்திரையின் பயோட்டின் ரத்தத்தில் நிறைய இருந்தால், மணிகளில் உள்ள இடத்தையெல்லாம் அது முதலில் பிடித்துக்கொள்கிறது. டி.எஸ்.எச். குறைவாகக் காட்டும். தைராய்டு சுரக்கிற ஹார்மோனான டி4-ஐப் பார்க்கும் பரிசோதனையில் கணக்கு தலைகீழ், ஒட்டியது குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று அர்த்தம் என்பதால் அது அதிகமாகக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற டாக்டருக்கு, இவருக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்றுதான் தோன்றும். முடி கொட்டுகிறது என்று போனால் பெரும்பாலும் முதலில் எழுதிக்கொடுப்பதே தைராய்டு டெஸ்ட்தான், அதே ஆள்தான் பயோட்டினும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்!

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம். கடையில் கிடைப்பதோ 5, 10 மில்லிகிராம் மாத்திரைகள், அதாவது 10 மில்லிகிராம் என்றால் முந்நூறு மடங்குக்கும் மேல். எல்லா இயந்திரமும் இப்படி ஏமாறுவதில்லை, சில கம்பெனிகள் ரீயேஜென்டை, அதாவது பரிசோதனைக்குச் சேர்க்கும் வேதிக் கலவையை, மாற்றிவிட்டன. ஆனால் தன் ரத்தம் எந்த இயந்திரத்துக்குப் போகிறது என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்?

மாரடைப்பா என்று அறியப் பார்க்கும் ட்ரோபோனின் என்ற இதயப் புரதமும் இதே முறையில் குறைவாகக் காட்டலாம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் இதுபற்றி எச்சரித்தபோது, இப்படித் தவறான ட்ரோபோனின் முடிவு வந்து ஒருவர் இறந்ததையும் குறிப்பிட்டிருந்தது.

அதனால் அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம் போட்டுவிடுங்கள்: தைராய்டு டெஸ்ட்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்தவும், அளவு அதிகமென்றால் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்கவும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கிற மல்டிவைட்டமினிலும் பயோட்டின் இருக்கும், அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சுவலியோடு போகிறவர் நாள் கணக்கு பார்க்க முடியாது, அவர் ரத்தம் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

— ஒரு லேப் டெக்னீஷியன்