சேனலைக் காக்க ஓடிபி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

யூடியூப் சேனல்கள் பறிபோகும் செய்தி நாளிதழ்களில் வரும்போதெல்லாம், கடைசிப் பத்தியில் தவறாமல் ஓர் அறிவுரை இடம்பெறுகிறது. கடவுச்சொல்லைக் கடினமாக வையுங்கள், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதே அது. இரண்டும் சரியானவைதாம். எனினும், அண்மை ஆண்டுகளில் நடந்த பெரிய சேனல் திருட்டுகள் சிலவற்றில் திருடர்களுக்குக் கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை, ஓடிபியும் தேவைப்படவில்லை. இதை அறியாமல், கடவுச்சொல்லுக்குப் பிறகு ஓடிபி போன்ற இன்னொன்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். திருநெல்வேலியில் சிறு அளவில் காணொளித் தொகுப்புப் பணி செய்து வருபவன் என்ற முறையில், சேனல் நடத்துவோரிடம் அன்றாடம் பழகி அறிந்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

ஒருமுறை கணக்குக்குள் நுழைந்துவிட்டால், மறுநாள் கணினியைத் திறக்கும்போது கூகுள் நம்மிடம் மறுபடியும் கடவுச்சொல் கேட்பதில்லை. முன்பே சரிபார்க்கப்பட்டவர் என்பதற்கு அடையாளமான ஒரு சிறு தரவை நம் பிரவுசர் சேமித்து வைத்திருக்கிறது. குக்கீ எனப்படுவது அதுதான். பொருட்காட்சியில் சீட்டு வாங்கி உள்ளே போனவரின் புறங்கையில் குத்தும் முத்திரையைப் போன்றது அது. முத்திரையைக் காட்டுபவரிடம் வாசலில் நிற்பவர் மறுபடி சீட்டுக் கேட்பதில்லை. அந்தக் குக்கீயை நகலெடுத்துத் தன் கணினியில் வைத்துக்கொண்டவன், கூகுளின் பார்வையில், முன்பே ஓடிபி கொடுத்து உள்ளே வந்துவிட்ட நீங்களே ஆகிவிடுகிறான்.

2023ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் சேனலுக்கு நேர்ந்தது இதுவே. தொழில்நுட்பம் பேசுவதையே தொழிலாகக் கொண்ட, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் உள்ள சேனல் அது. விளம்பரம் தர விரும்பும் நிறுவனத்திடமிருந்து வந்ததுபோலத் தோன்றிய மின்னஞ்சலின் இணைப்பை, பிடிஎஃப் கோப்பு என்று நம்பி அங்கு பணிபுரிந்த ஒருவர் திறந்தார். அதற்குள் ஒளிந்திருந்த நிரல் பிரவுசர்களிலிருந்த குக்கீகளை நொடிகளில் வாரிக்கொண்டு போய்விட்டது. அந்நிறுவனத்தின் மூன்று சேனல்களில் கிரிப்டோ மோசடி நேரலைகள் ஓடின. நிறுவனர் லைனஸ் செபாஸ்டியன் பின்னர் வெளியிட்ட காணொளியில் நடந்ததை வெளிப்படையாக விவரித்தார். கடவுச்சொல்லை மாற்றுவது போன்ற வழக்கமான நடவடிக்கைகளால் முதலில் பயன் விளையவில்லை என்றும் அதில் அவர் கூறியிருக்கிறார்.

இது ஏதோ ஒரு தனிநபரின் கைவரிசை அன்று. கூகுளின் அச்சுறுத்தல் ஆய்வுக் குழு 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்தே யூடியூபர்களைக் குறிவைத்து இத்திருட்டு ஒரு தொழிலாகவே நடந்து வந்திருக்கிறது. ரஷ்ய மொழி இணைய மன்றம் ஒன்றில் ஆட்களைச் சேர்த்திருக்கிறார்கள். இதற்கென்றே உருவாக்கப்பட்ட சுமார் 15,000 மின்னஞ்சல் கணக்குகளும், போலி நிறுவனங்களின் பெயரில் பதிவுசெய்யப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைய முகவரிகளும் கண்டறியப்பட்டன. திருடிய சேனல்களைச் சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்து 3 டாலர் முதல் 4,000 டாலர் வரை விலைபேசி விற்றிருக்கிறார்கள். இதில் 3 டாலர் என்ற அடிமட்ட விலையைத்தான் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். 'நம்ம சேனலை எவன் சீண்டப் போகிறான்' என்று சொல்லும் சிறு சேனல்காரர்களுக்கும் அந்தச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது.

தூண்டில் வரும் விதம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். போட்டோ எடிட்டிங் மென்பொருள், விபிஎன், வைரஸ் தடுப்பு, விளையாட்டுச் செயலி என ஏதேனும் ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினால் இவ்வளவு தொகை தருகிறோம் என்று முதல் மின்னஞ்சல் வரும். அதில் சந்தேகப்படும்படி எதுவும் இருக்காது. பதில் போட்டுப் பேரம் படிந்த பிறகே ஒப்பந்தப் படிவம் அல்லது மென்பொருள் என்ற பெயரில் ஒரு ஜிப் கோப்பு வந்து சேரும். அதைத் திறக்கக் கடவுச்சொல்லும் கூடவே கொடுக்கப்பட்டிருக்கும். பாதுகாப்புக்காக என்று நாம் நினைப்போம். பூட்டிய கோப்பின் உள்ளே மின்னஞ்சல் சேவையின் வைரஸ் சோதனை எட்டிப்பார்க்க முடியாது என்பதே உண்மையான காரணம். சில நேரங்களில் உள்ளிருக்கும் கோப்பை நூற்றுக்கணக்கான எம்பி அளவுக்கு வேண்டுமென்றே ஊதிப் பெருக்கி வைப்பார்கள். மிகப் பெரிய கோப்புகளைப் பல சோதனைக் கருவிகள் ஆராயாமல் விட்டுவிடும். விண்டோஸ் கணினி, கோப்பின் வகையைக் காட்டும் பெயரின் வால்பகுதியை இயல்பாகவே மறைத்து வைப்பதால், உண்மையில் இஎக்ஸ்இ அல்லது எஸ்சிஆர் என முடியும் நிரல், பிடிஎஃப் படத்தோடு அப்பாவியாகக் காட்சி தரும். வால்பகுதியைக் காட்டும்படி அமைப்பை மாற்ற அரை நிமிடம் போதும். நான் பணிசெய்யப் போகும் இடங்களில் முதலில் செய்து கொடுப்பது அதைத்தான்.

மின்னஞ்சல் முகவரியைப் பார்த்துவிட்டால் போதும் என்பதும் இப்போது உறுதியான பாதுகாப்பு இல்லை. யூடியூபில் ஒரு காணொளியைத் தனிப்பட்டதாக வைத்து மற்றவருக்குப் பகிர்ந்தால், அறிவிப்பு யூடியூபின் உண்மையான முகவரியிலிருந்தே செல்லும். இந்த வசதியையே மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். யூடியூபின் தலைமைச் செயல் அதிகாரி நீல் மோகன் புதிய வருமான விதிகளை அறிவிப்பதுபோல, செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட போலிக் காணொளி இவ்வாறு பரப்பப்படுவதாக 2025 மார்ச்சில் யூடியூபே எச்சரித்தது. தனிப்பட்ட காணொளி மூலம் எந்த அறிவிப்பையும் தாம் அனுப்புவதில்லை என்றும் அது கூறியது.

அப்படியானால் என்ன செய்வது? சேனலின் உரிமையாளர் கணக்கு திறந்திருக்கும் கணினியில் வெளியார் அனுப்பும் கோப்பைத் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் மேலே சொன்ன வகைத் திருட்டுகளில் பெரும்பகுதி நடக்காது. விளம்பரத் தொடர்புக்கெனத் தனி மின்னஞ்சல் முகவரி வேண்டும். அதை வேறொரு கருவியில் திறக்க வேண்டும். ஒரே கணினியில் இரண்டு பிரவுசர்களை வைத்துக்கொண்டு, ஒன்று சேனலுக்கு, மற்றொன்று மின்னஞ்சலுக்கு என்று பிரித்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். அது பிரிவினையே அன்று, ஏனெனில் அந்த நிரல் கணினியில் உள்ள எல்லா பிரவுசர்களையும் துழாவும். இரண்டாவது கணினி வாங்க வசதி இல்லாதவர்கள், ஒப்பந்தத்தைக் கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் ஆன்லைனிலேயே பகிரச் சொல்லலாம். உண்மையான நிறுவனம் அதற்குத் தயங்காது.

இரண்டடுக்குச் சரிபார்ப்பை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். வருமானம் ஈட்டும் சேனல்களுக்கு 2021 நவம்பர் 1 முதல் அதை யூடியூப் கட்டாயமாக்கியிருக்கிறது. போலி லாகின் பக்கத்தைக் காட்டி ஏமாற்றுபவர்களிடமிருந்து காப்பதில், குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைவிட, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியின் கைரேகை அல்லது திரைப்பூட்டைக் கொண்டு நுழையும் பாஸ்கீயும், யூஎஸ்பி வடிவிலான பாதுகாப்புச் சாவியும் பலமடங்கு மேல், ஏனெனில் போலித் தளத்தில் அவை வேலை செய்யாது. கணக்கைத் திரும்பப் பெறுவதற்கான மீட்பு எண்ணாகக் கொடுத்த பழைய சிம்மை மறந்துவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. தொடர்ந்து 90 நாட்கள் பயன்படுத்தாமல் விடப்படும் ப்ரீபெய்டு எண் துண்டிக்கப்பட்டு, பின்னர் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அந்த வேறொருவரின் கைப்பேசிக்கு உங்கள் கணக்கின் மீட்புக் குறியீடு போகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் ஊர் நடைமுறையில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வேறொன்று. ஒரே கடவுச்சொல்லை வீட்டார், ஒளிப்பதிவாளர், எடிட்டர், தம்ப்நெயில் செய்து தரும் கல்லூரி மாணவர் என நான்கைந்து பேர் வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்கிறார்கள். எனக்கே கேட்காமல் அனுப்பி வைத்தவர்கள் உண்டு. இதற்குத் தேவையே இல்லை. சேனலை நிர்வகிக்கும் பக்கமான யூடியூப் ஸ்டூடியோவின் அமைப்புகளில் 'அனுமதிகள்' என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஒவ்வொருவரையும் அவரவர் ஜிமெயில் முகவரி கொண்டு மேலாளர், எடிட்டர், பார்வையாளர் என்று தனித்தனியே சேர்க்கலாம். வருமான விவரத்தைப் பார்க்க முடியாத எடிட்டர் என்ற நிலையும் உண்டு. எடிட்டராகச் சேர்க்கப்பட்டவரின் கணக்கு பறிபோனாலும், திருடனால் சேனலை அழிக்க முடியாது, ஆட்களை நீக்கவோ சேர்க்கவோ முடியாது. வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்றைக்கே நீக்கிவிடலாம். கடவுச்சொல்லை மாற்றி எல்லாருக்கும் மறுபடி அனுப்பும் வேலையும் மிச்சம்.

இது தனிநபர்களுக்கு மட்டும் உரிய கவலை இல்லை. 2022 பிப்ரவரி 15 அன்று நம் நாடாளுமன்றத்தின் சன்சத் டிவி சேனல் ஊடுருவப்பட்டு, 'எத்தீரியம்' என்று ஒரு கிரிப்டோ நாணயத்தின் பெயருக்கு மாற்றப்பட்டது. 2024 செப்டம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் சேனலில், அரசியல் சாசன அமர்வின் விசாரணைகள் ஒளிபரப்பாகும் அதே இடத்தில், எக்ஸ்ஆர்பி என்ற கிரிப்டோ நாணயத்துக்கான காணொளி ஓடியது. தில்லியிலுள்ள இத்தகைய அமைப்புகளுக்குக் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் உடனே கைகொடுக்கும். இன்று கோயில்களும் பள்ளிகளும் கல்லூரித் துறைகளும் தத்தம் பெயரில் சேனல் நடத்துகின்றன. அவற்றில் பலவற்றின் உரிமை, முன்பு அங்கு பணியாற்றிய யாரோ ஒருவரின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது. அவர் மாறுதலாகிப் போன பின்பு அந்தச் சேனலுக்குச் சட்டப்படி யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. துறைத் தலைமைகள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே சரிசெய்யக்கூடியது இது.

பறிபோய்விட்டால், முதல் சில மணி நேரத்திலும் முதல் வாரத்திலும் செய்பவையே பலன் தரும். பாதிக்கப்பட்ட கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, வேறொரு நல்ல கருவியிலிருந்து கூகுள் கணக்குக்குள் நுழைந்து, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். அதே கணினியில் உட்கார்ந்து புதிய கடவுச்சொல் வைப்பது வீண், புதிய கடவுச்சொல்லும் திருடனிடம் போய்ச் சேரும். மீட்பு எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் அவன் மாற்றியிருந்தாலும், மாற்றிய நாளிலிருந்து 7 நாட்கள் வரை பழைய விவரங்களைக் கொண்டு கணக்கை மீட்க கூகுள் இடமளிக்கிறது. இந்த அவகாசம் இருப்பது தெரியாமல் கைவிட்டுவிடுபவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தப் பதற்றத்தில் 'சேனலை மீட்டுத் தருகிறோம்' என்று எக்ஸ் தளத்திலும் டெலிகிராமிலும் வலிய வந்து பேசுபவர்கள் இரண்டாவது திருடர்கள்.

சட்டத்தில் குறை இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு பிறர் அடையாளத்தைத் திருடுவதற்கும், 66டி பிரிவு ஆள்மாறாட்ட மோசடிக்கும் 3 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. சமூக ஊடக நிறுவனங்கள் இந்தியாவில் குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும் என்றும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் கூறுகின்றன. அந்த அலுவலரின் முடிவில் நிறைவு இல்லாவிட்டால், மத்திய அரசு அமைத்துள்ள மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாட்களுக்குள் முறையிடலாம். கட்டணமின்றிக் கிடைக்கும் இந்த வழி இருப்பதை நான் சந்தித்த சேனல்காரர்களில் ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை.

புகார் அளிக்கும் இடத்தில்தான் சிக்கல். 1930 என்ற உதவி எண் முதன்மையாக, வங்கியிலிருந்து பறிபோன பணத்தைத் தடுத்து நிறுத்துவதற்காக அமைக்கப்பட்டது. எந்த வங்கி, எவ்வளவு தொகை, பரிவர்த்தனை எண் என்ன என்ற கேள்விகளுக்குச் சேனலைப் பறிகொடுத்தவரிடம் பதில் இராது. சமையல் சேனல் நடத்திக் குடும்பச் செலவைப் பார்த்துவந்த எங்கள் பகுதிப் பெண்மணி ஒருவர் காவல் நிலையம் சென்றபோது, 'வேறொரு சேனல் ஆரம்பித்துக்கொள்ளுங்களேன், அம்மா' என்று அன்போடுதான் சொல்லி அனுப்பினார்கள். நான்காண்டு உழைப்பில் சேர்ந்த பார்வையாளர்களும் மாத வருமானமும் அவருக்குச் சொத்து என்பது அவர்கள் கருத்தில் ஏறவில்லை. புகார் மனு பெற்றதற்கான ரசீது கைக்கு வந்திருந்தால், யூடியூபிடம் வாதாட அது உதவியிருக்கும்.

ஆகவே, மாநிலக் காவல் துறையின் இணையவழிக் குற்றப்பிரிவுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். மாவட்டங்களில் உள்ள சைபர் க்ரைம் காவல் நிலையங்களில் சேனல் திருட்டுக்கெனத் தனிப் புகார்ப் படிவம் ஒன்றை வைக்க வேண்டும். பெயரையும் படத்தையும் திருடன் மாற்றிவிடுவான்; ஒவ்வொரு சேனலுக்கும் யூடியூப் வழங்கும், 'யூசி' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் 24 எழுத்து அடையாளக் குறியீட்டை அவனால் மாற்ற முடியாது. அந்தக் குறியீடு, உரிமையாளரின் ஜிமெயில் முகவரி, தூண்டிலாக வந்த மின்னஞ்சல் எங்கிருந்து எவ்வழியாக வந்தது என்பதைக் காட்டும் முழுத் தலைப்பு விவரம் (ஹெட்டர்), பறிபோனதை அறிந்த நேரம் ஆகிய நான்கும் அப்படிவத்தில் இடம்பெற்றால், முதல் தகவலிலேயே விசாரணைக்குத் தேவையானது காவல் துறையின் கையில் இருக்கும். சேனல் நடத்தும் வாசகர்கள், ஸ்டூடியோவுக்குள் நுழைய முடிகிற இன்றே அந்த 24 எழுத்துகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
காணொளித் தொகுப்பாளர் ஒருவர்,
திருநெல்வேலி.