ஃபெட்டா என்பது பனீர் இல்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். கிரேக்க உணவு பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அத்தனை பண்டங்களைச் சொன்னவர், எது எந்த ஊர்ச் சரக்கு என்று ஓர் இடத்தில்கூடச் சொல்லவில்லை. கிரேக்க முதலாளிகளின் சரக்குக் கப்பல்களில் 18 வருடம் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன் நான். அவர்கள் சாப்பாட்டு மேஜையில் ஊர்ப்பெயர் இல்லாமல் எதுவும் வந்து பார்த்ததில்லை.

முதலில் ஃபெட்டா என்ற பாலாடைக்கட்டி. அதைக் 'கிரேக்கப் பனீர்' என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டுப் பால் ஒரு சொட்டும் அதில் சேரக்கூடாது. குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மீதி வெள்ளாட்டுப் பால். இரண்டு மாதமாவது உப்பில் ஊறிப் பக்குவப்பட வேண்டும். இதில் வேடிக்கை, ஃபெட்டா என்பது ஊர்ப்பெயரே இல்லை. துண்டு என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லில் இருந்து வந்தது. அது பொதுப்பெயர்தானே என்று டென்மார்க்கும் ஜெர்மனியும் வழக்காடிப் பார்த்தன. அந்தப் பெயர் கிரேக்கச் சரக்குக்கு மட்டும்தான் என்று 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் கிரேக்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தன் நாட்டுப் பாலாடைக்கட்டி அந்தப் பெயரில் ஏற்றுமதியாவதைத் தடுக்காமல் விட்டதும் தவறு என்று 2022இல் டென்மார்க்குக்கு இன்னொரு குட்டு.

ஊஸோவைக் கிரேக்கர் எல்லோருடைய மது போலச் சொன்னதும் சரியில்லை. தண்ணீர் விட்டதும் பால்போல் வெளுக்கும் அந்தச் சோம்பு வாசனைச் சரக்குக்குப் பேர்போனது லெஸ்வோஸ் தீவின் பிளோமாரி. கிரீட் தீவுக்காரரிடம் அதை நீட்டினால் முகம் சுளிப்பார். அவருக்குத் திராட்சைச் சக்கையில் காய்ச்சிய, சோம்பு சேராத சிக்குதியாதான் மது.

கட்டுரை அடியோடு விட்டுவிட்டது மஸ்திகாவை. கிரேக்கக் கப்பல் முதலாளிகள் பலருக்குப் பூர்வீகமான கியோஸ் தீவின் பிசின் அது. அந்த மரம் வேறு இடங்களிலும் வளரும். ஆனால் தீவின் தென்பகுதியில் உள்ள 24 கிராமங்களில்தான் இப்படிப் பிசின் கட்டுகிறது. கோடையில் மரத்தடியைப் பெருக்கி வெள்ளை மண் பரப்பி, பட்டையைக் கீறிவிடுவார்கள். சொட்டுச் சொட்டாக விழுந்து இறுகுவதால் 'கியோஸ் கண்ணீர்' என்று பெயர். அப்புறம் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகச் சுத்தம் செய்வார்கள். 2014இல் யுனெஸ்கோ இந்தத் தொழிலறிவைப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. எங்கள் கேப்டன் ஒருவர் அந்தத் தீவுக்காரர். மஸ்திகா சேர்த்த வெள்ளை இனிப்புப் பசையை ஒரு கரண்டி எடுத்து, கரண்டியோடு ஐஸ் தண்ணீர் டம்ளருக்குள் இறக்கித் தருவார். அதற்குப் பெயரே 'நீர்மூழ்கிக் கப்பல்'! பசையை நக்கித் தின்றுவிட்டு அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். முதலில் லேசாகக் கசக்கும், பிறகு வாய் முழுக்கக் குளிர்ச்சி.

யுனானி வைத்தியத்தில் 'ரூமி மஸ்தகி' என்கிறார்களே, அதுவும் இதே பிசின்தான். நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். கட்டுரையாளரிடமும் சொல்லுங்கள், அடுத்த பகுதியில் ஊர்ப்பெயர்களைச் சேர்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர்,
தூத்துக்குடி