கலக்கும் கைகளையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

களைக்கொல்லி, புற்றுநோய் என்றாலே உணவில் தங்கும் எச்சத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். தெளிப்பவரின் உடம்பு யார் கண்ணிலும் படுவதில்லை. இது வேதனை.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற 2ஏ பிரிவில் 2015-ல் சேர்த்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. அதற்கு வாய்ப்பில்லை என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. மிக அதிகமாகப் புழங்கியவர்களுக்கு ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் அபாயம் 41 சதவீதம் கூடுதல் என்றது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் தெளிப்பாளர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. சரி, விவாதம் நடக்கட்டும். அதுவரை மருந்து உடம்பில் படாமல் பார்த்துக்கொள்ளலாமே.

தெளிப்பவர்களுக்கு அது பெரும்பாலும் தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது. தண்ணீர் கலக்காத மருந்தை மூடியில் அளக்கும்போது விரலில் வழிகிறது. கசியும் தெளிப்பான் முதுகை நனைக்கிறது. அடைத்துக்கொண்ட நாசிலைச் சிலர் வாயால் ஊதுகிறார்கள்! துணிக் கையுறை நனைந்தால் மருந்தைத் தோலோடு ஒட்டிவைத்துவிடும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைதான் வேண்டும். அப்புறம், தெளித்தபோது போட்டிருந்த துணியை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும்.

மருந்து விற்பவர்கள் ஒவ்வொரு புட்டியோடும் கையுறையைச் சேர்த்தே கொடுக்கும்படி அரசுகள் சட்டம் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்